இடது சுண்டுவிரல்

புதுவயல் அரிசி ஆலையின் பின்வாசலில்
வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
மடியில் கைரேகை மிஷின்,
கழுத்தில் என் படம் போட்ட அட்டை.
வங்கி இவ்வளவுதான்.
மீதியெல்லாம் காரைக்குடியில்,
குளிர்ந்த கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்.

பதினஞ்சாம் தேதி கழிந்தால் வருவார்கள்,
அவித்த நெல் காயும் களத்திலிருந்து
உமி ஒட்டிய முழங்கையோடு,
அடுத்த புரட்டலுக்குள் திரும்பியாக வேண்டும்.

அடைக்கம்மை வலது பெருவிரலை வைத்தாள்.
ரேகை பொருந்தவில்லை என்றது மிஷின்.
ஆட்காட்டி விரல். பொருந்தவில்லை.
முந்தானையில் துடைத்து
தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி
மறுபடி வைத்தாள்.
பத்தொன்பது வருஷம் சாக்கு இழுத்த விரல்கள்
யாருடையவை என்று அதற்குத் தெரியவில்லை.
"காலைக் கேக்கச் சொல்லு அதை.
கொதிக்கிற சிமிண்டுல நெல்லைக் கிண்டுன காலு,
பாளம் பாளமா ரேகை கெடக்கு."
வரிசை சிரித்தது.
எட்டாவது தடவை
எந்த வேலைக்கும் ஆகாத இடது சுண்டுவிரலை
அடைக்கம்மை என்று ஒப்புக்கொண்டது அரசாங்கம்.

இருப்பு நாற்பத்தேழு ரூபாய்.

ஆயிரம் விழுந்த அன்றே
திருப்பூரில் சேவுகன் போனில் மணியடிக்கும்.
அவன் விரல் ஒருநாளும் பொருந்தாமல் போனதில்லை.
கணக்கு அவள் பேரில்,
நம்பர் அவன் பேரில்.

கடல் தாண்டிக் கடன் கொடுத்த சீமை இது.
பத்து வயதில் பையன்கள் பெட்டியடிக்குப் போனார்கள்,
அடுத்தாள் ஆனார்கள், மேலாள் ஆனார்கள்.
பெட்டியடிப் பெண் என்றொரு சொல்லை
நான் எங்கும் கேட்டதில்லை.
ஆச்சிமார் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது.
பேரேட்டில் அவர்கள் பேர்கூட இருந்ததாம்.
எழுதிய கை வேறு.

மறுவாரம் தவிட்டு மூட்டைக்குள் கைவிட்டு
ஒரு பொத்தான் போனை எடுத்தாள் அடைக்கம்மை.
ஞாயிற்றுக்கிழமைக் கூலியில் வாங்கியது.
"இந்த நம்பரைப் போடு."

எப்படிச் சொல்ல.
நம்பரை மாற்ற, பழைய நம்பருக்கு ஓ.டி.பி. போகும்.
பூட்டைத் திறக்கும் சாவி
பூட்டியவன் சட்டைப்பையில்.

கொஞ்ச நேரம் தவிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு என் போனை வாங்கினாள்.
"ஏங்க, கேஸ் மானியத்துக்கு உங்க போனுக்கு
ஏதோ நம்பர் வருமாம். சொல்லுங்க."

யாரிடமும் பகிர வேண்டாம் என்று
அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும்.
பெண்டாட்டி யாரிலும் சேர்த்தியில்லை.
எழுத்து தெரியாது அவளுக்கு,
மூட்டை எண்ணி எண்ணி எண் தெரியும்.
அவன் சொல்லச் சொல்ல உரக்கச் சொன்னாள்:
நாலு. ஒன்பது. ஒன்பது. பூஜ்யம். ஏழு.
ஆறாவதுக்கு முன்
அவன் யாருக்கோ டீ சொன்னான்,
சர்க்கரை கம்மியாக.
நான் மூச்சு விடவில்லை.
ரெண்டு.

அடுத்த மாசம் களத்தில் நெல் புரட்டுகையில்
அவள் இடுப்பு அதிர்ந்தது.
கால் நிற்கவில்லை.
போனை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை என்றாள்,
"அதான் வந்துருச்சே."
தீபாவளிக்கு அவன் ஊருக்கு வருவான்.
என்ன நடக்கும் என்று நான் கேட்கவில்லை.
அவளும் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு கைரேகைக்கு எனக்கு நாலு ரூபாய் கமிஷன்.
அது விழும் கணக்கில்
இன்றைக்கும் என் வீட்டுக்காரர் நம்பர்தான்.
கேஸ் மானியம் என்று ஆரம்பிக்க முடியாது,
எங்கள் வீட்டில் கரண்ட் அடுப்பு.
வேறு ஏதாவது
யோசிக்க வேண்டும்.